எர்த் குழியை யாரும் படம் எடுப்பதில்லை

வீட்டில் வெல்டிங் பட்டறை போட்டிருக்கும் நண்பர்கள் படம் எடுத்து அனுப்புகிறார்கள். யார் அனுப்பினாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். நடுவில் சிவப்போ மஞ்சளோ ஒரு இன்வெர்ட்டர் மெஷின். அதன் மேல் நெருப்புப் படம் ஒட்டிய ஹெல்மெட். சுவரில் ஸ்பானர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசை பிசகாமல் தொங்கும். மேசையில், தேய்த்து முடித்த ஸ்டூலோ பூந்தொட்டி ஸ்டாண்டோ நிற்கும். நான் விரலால் படத்தைப் பெரிதாக்கி வேறு சிலவற்றைத் தேடுவேன். புகை எந்த வழியாகப் போகிறது? மெஷினுக்கு வரும் வயர் என்ன கனம்? தின்னர் டப்பா எவ்வளவு தள்ளி இருக்கிறது? எர்த் எங்கே இறங்குகிறது? பெரும்பாலும் பதில் கிடைக்காது. கேட்டால், "அதெல்லாம் இருக்கு சார், படத்துல வரல" என்பார்கள். சிலர் வீட்டில் இருக்கவும் செய்யும்.

வீட்டுப் பட்டறையைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இந்தப் படத்தில் வராத பகுதியைப் பற்றித்தான். காசு கொடுத்தால் கடையில் கிடைப்பதையே நாம் காட்டிக்கொள்கிறோம். பட்டறையைப் பட்டறையாக நிறுத்திவைப்பவை சுவருக்குப் பின்னாலும் தரைக்குக் கீழும் கூரைக்கு மேலும் இருக்கின்றன.

வெல்டிங் வீட்டுக்குள் வந்ததே மெஷின் இளைத்த பிறகுதான். முப்பது வருடத்துக்கு முன் பட்டறை என்றால் ஆயில் மெஷின். எண்ணெய்த் தொட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் மூழ்கிக் கிடக்கும். மேலே உள்ள சக்கரத்தைச் சுற்றினால் ஆம்பியர் ஏறும், இறங்கும். இரண்டு பேஸ் இழுத்துக் கொடுக்க வேண்டும். இடம் மாற்ற மூன்று ஆள் வேண்டும். வெல்டர் ராடைத் தொட்டதும் பக்கத்து வீட்டு பல்பு ஒருமுறை மங்கி எழும். அப்படியொரு சாமானை யாரும் வீட்டில் ஆசைக்கு வைத்துக்கொள்ளவில்லை. 1977-இல் பின்லாந்தின் கெம்ப்பி நிறுவனம் இன்வெர்ட்டர் முறையிலான வெல்டிங் மெஷினைக் கொண்டுவந்தது. வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுவது. அதை நேர்மின்சாரமாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, பிறகு டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுத்தால், அந்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கை அளவு இருந்தாலே போதும். இரும்பும் செம்புமாக நூறு கிலோவுக்கு மேல் இருந்தது ஐந்தாறு கிலோவாகச் சுருங்கிய ரகசியம் இவ்வளவுதான். மலிவான மின்னணுப் பாகங்களோடு சீனத்து மெஷின்கள் வந்து சேர்ந்தபின், ஒரு நடுத்தரக் கைபேசியின் விலையை விடக் குறைவாகவே வெல்டிங் மெஷின் கிடைக்கிறது. தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்துவிடலாம்.

வாங்குகிறவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. திருச்சிப் பக்கம் இருப்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும். 1960-களில் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் தொழிற்சாலை வந்தது. அதைச் சுற்றித் துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் கம்பெனிகள் முளைத்தன. 1975-இல் அந்த வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இந்த வட்டாரத்தில் தெருவுக்கு ஒரு வெல்டர் இருப்பார். சிலர் ரிட்டயர் ஆனவர்கள், சிலர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் ராடு பிடித்துவிட்டுத் திரும்பியவர்கள். '6ஜி' தேர்ச்சி பெற்றவர் என்றால் இங்கே தனி மரியாதை. குழாயை 45 பாகை சாய்த்து அசையாமல் பொருத்திவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றி, நிமிர்ந்தும் குனிந்தும் அண்ணாந்தும், ஒரே தரத்தில் பற்றவைத்து முடிக்க வேண்டும். அதை முடித்த பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் பட்டறை என்பது மாடிப்படிக்கு அடியில் ஒரு மெஷின், ஒரு கல் பலகை, ஒரு டால்டா டப்பா நிறைய ராடு துண்டு. அதை அவர் படம் எடுத்து யாருக்கும் அனுப்பியதில்லை. அடுத்த வகை விவசாயிகள். கலப்பைக் கொழு உடைந்தால், டிரெய்லர் தட்டு பிய்ந்தால், டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போய் அரை நாள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காக வாங்கியவர்கள். மூன்றாவது வகைதான் புதிது. பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று ஏங்குகிறவர்கள். படம் அனுப்புவது பெரும்பாலும் இவர்கள். நானும் இந்த வகையில்தான் சேர்த்தி.

முதலில் மின்சாரம். கடையில் சிறிய மெஷின் மேல்கூட '400 ஆம்பியர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ராடு வெல்டிங்கில் ஆர்க்கின் வோல்டேஜைக் கணிக்கத் தரநிலையில் ஒரு சூத்திரம் உண்டு: 20-உடன் ஆம்பியரின் நூற்றில் நான்கு பங்கைக் கூட்ட வேண்டும். 400 ஆம்பியருக்கு 36 வோல்ட் வரும். இரண்டையும் பெருக்கினால் 14,400 வாட். மெஷினுக்குள் வீணாவது தனி. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவதே 3,680 வாட்தான். ஆக, அந்த ஸ்டிக்கர் மெஷினைப் பற்றிச் சொல்லவில்லை, வாங்குகிறவரின் ஆசையைப் பற்றிச் சொல்கிறது. வீட்டு வேலைக்கு 100 ஆம்பியர் போதும். அதற்கு ஆர்க்கில் 2,400 வாட், இழப்போடு சேர்த்தால் சுமார் 3,000 வாட். சாதாரண இன்வெர்ட்டர் மெஷினின் பவர் ஃபேக்டர் 0.7 வாக்கில் இருப்பதால், சுவரிலிருந்து அது இழுப்பது 18 ஆம்பியர் பக்கம் வந்துவிடும். அதாவது 100 ஆம்பியருக்கே ஏசி போடும் பிளக் திணறுகிறது. தனி வயர், தனி பிரேக்கர் இழுக்காமல் பட்டறை என்று பேசக்கூடாது.

ஸ்டிக்கரில் இன்னொரு எண்ணும் இருக்கும், சின்ன எழுத்தில்: டூட்டி சைக்கிள். 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் பற்றவைக்கலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். அந்தச் சோதனையை 40 பாகை செல்சியஸ் சூழலில் செய்ய வேண்டும் என்பது சர்வதேசத் தரநிலை. கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மெஷினுக்கு அருகில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். மெஷின் திடீரென்று நின்று மஞ்சள் விளக்கு எரிந்தால் அது பழுது இல்லை. அது மூச்சு வாங்குகிறது.

வயருக்கு வருவோம். முப்பது மீட்டர் தள்ளிக் கொல்லைக் கேட்டைப் பற்றவைக்க, வீட்டில் கிடக்கும் ஒரு சதுர மி.மீ. எக்ஸ்டென்ஷனை நீட்டுகிறார்கள். போக வர அறுபது மீட்டர் செம்பு. அதன் தடை ஏறக்குறைய ஓர் ஓம். 18 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 18 வோல்ட் போய்விடும். 300 வாட்டுக்கு மேல் வயரிலேயே சூடாக இறங்கும். அந்த வயரைச் சுருளாகவே விட்டுவிட்டால் சுருளுக்கு நடுவில் பிளாஸ்டிக் உருகும். நாலு சதுர மி.மீ. போட்டால் இழப்பு ஐந்து வோல்ட்டுக்குள் அடங்கும். பட்டறையில் பணம் போட வேண்டிய முதல் இடம் இதுதான் என்பது என் கட்சி. ஆனால் சுவருக்குள் ஓடும் நல்ல வயரை யாரிடம் காட்டிப் பெருமைப்படுவது!

இனி எர்த். நம் பட்டறைப் பேச்சில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். "எர்த் மாட்டுடா" என்று வெல்டர் உதவியாளிடம் சொல்வது, மெஷினிலிருந்து வரும் இரண்டாவது கேபிளின் கிளாம்ப்பை. அது பூமிக்குப் போகிற எர்த் இல்லை. ஆர்க் வழியாகப் போன மின்சாரம் மெஷினுக்கே திரும்பி வரும் பாதை அது. வீட்டு எர்த் என்பது வேறு. கரியும் உப்பும் போட்டுக் குழி தோண்டி இறக்குவது, மெஷினின் உடம்பில் மின்சாரம் கசிந்தால் ஆளைக் காப்பாற்றுவது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, கிளாம்ப்பைக் கைக்கு எட்டிய கிரில்லிலோ தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியிலோ மாட்டிவிட்டு நாலு அடி தள்ளிப் பற்றவைக்கிறார்கள். திரும்பும் பாதை சரியில்லை என்றால் நூறு ஆம்பியர் தனக்கு வழி தேடிக்கொள்ளும். வீட்டின் எர்த் வயர் வழியாகப் போய் அதை எரிக்கும். மோட்டார் மாட்டிய ஸ்டாண்டில் பற்றவைக்கும்போது கிளாம்ப் மறுபக்கம் இருந்தால் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழச் செய்யும். பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, துருவைச் சுரண்டிவிட்டு, வேலைப்பொருளின் மேலேயே கிளாம்ப் மாட்ட வேண்டும். இதற்கு விலை எதுவும் இல்லை.

முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறோம், ஷாக் அடித்தால் கட் ஆகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். மெஷினுக்கு வரும் பக்கத்துக்கு அது காவல்தான். ஹோல்டர் பக்கத்துக்கு இல்லை, இரண்டுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ராடு தொடாமல் சும்மா இருக்கும்போது ஹோல்டரில் 60-லிருந்து 90 வோல்ட் வரை நிற்கும். காய்ந்த கையுறைக்கு அது ஒன்றுமில்லை. வேர்வையில் நனைந்த பனியனோடு ஈரத் தரையில் மண்டியிட்டிருக்கும் ஆளுக்கு அது உயிர் போகிற சமாச்சாரம்.

இடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறவர்கள் அறையின் நீள அகலத்தைச் சொல்கிறார்கள். நான் இரும்பின் நீளத்தைச் சொல்கிறேன். ஸ்கொயர் ட்யூபும் ஆங்கிளும் கடையில் 20 அடி நீளத்தில்தான் வரும், ஷீட் எட்டுக்கு நாலு. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் 20 அடிக் குழாய் நுழையாது. வாசலிலேயே வெட்டித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். அப்படியானால் வெட்டும் இடம் வெளியே, பற்றவைக்கும் இடம் உள்ளே என்று பிரித்துக்கொள்வதுதான் புத்தி. வெட்டும் தூளும் வெளியோடு போகும். கார் ஷெட் போல மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு என்று அமைந்தால் அதைவிட நல்ல பட்டறை வீட்டில் அமையாது. டைல்ஸ் தரை வேண்டாம், பொறி விழுந்து கறுப்புப் புள்ளியாகிவிடும், வீட்டில் சண்டை வரும்.

காற்று வேண்டும், ஆனால் எல்லா வகை வெல்டிங்குக்கும் இல்லை. ராடில் பூசியிருக்கும் மருந்தே எரிந்து தனக்குத் தேவையான புகைக் கவசத்தையும் கசடையும் உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் கொஞ்சம் காற்றடித்தாலும் ராடு சமாளிக்கும். சிஓடூ வெல்டிங்கும் ஆர்கான் வெல்டிங்கும் அப்படியில்லை. சிலிண்டரிலிருந்து வரும் வாயு ஒரு மெல்லிய போர்வை. நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் காற்று வந்தாலே அது கலைந்து, பற்றவைப்பு முழுக்கத் தேன்கூடு போலத் துளை விழும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைத் தின்று வளரும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் ஆடி மாதம் திறந்த ஷெட்டில் சிஓடூ பிடிப்பது என்பது, விளக்கேற்றிக்கொண்டு மொட்டை மாடியில் நிற்பது மாதிரி. அதற்காக மூடினால் புகை உள்ளேயே நிற்கும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. சின்ன மூடிய அறையில் கசிந்தால் தரையோடு தேங்கி, நிறமோ வாசனையோ இல்லாமல் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் முதல் மெஷின் ராடு மெஷினாக இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு விலை மட்டும் காரணம் இல்லை.

புகையைப் பற்றி நான் உடம்பால் படித்தேன். பட்டறை போட்ட முதல் வருடம், ஐப்பசி மழை. சாரல் அடிக்கிறதென்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, ஜிஐ குழாயில் துணி காயப்போடும் ஸ்டாண்ட் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். வெள்ளைப் புகை, நூல் நூலாகப் பறக்கும் வெள்ளைப் பஞ்சு. அழகாகக்கூட இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு வாயில் இரும்பு ருசி, பிறகு குளிர், நடுக்கம், காய்ச்சல், கைகால் வலி. வீட்டில் மழையில் நனைந்ததாகச் சொல்லி சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். மறுநாள் மாலைக்குள் ஒன்றுமே நடக்காதது போல் ஆகிவிட்டது. ஜிஐ என்றால் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். இரும்பு உருகுவதோ 1,500 பாகையை ஒட்டி. ஆக, இரும்பு உருகுமுன் பூச்சு முழுக்கக் காற்றில் ஏறிவிடும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து வருவது உலோகப் புகைக் காய்ச்சல். நம் வெல்டர்களுக்கு இது பழைய கதை. அவர்கள் சொல்லும் மருந்து ஒரு டம்ளர் பால். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் சந்திப்பதில்லை. ஒட்டும் இடத்தில் இரண்டு அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, புகைக்கு வழிவிட்டுப் பற்றவைப்பதுதான் வைத்தியம். அதைத் தேய்க்கும்போதும் மூக்கில் மாஸ்க் இருக்க வேண்டும்.

காய்ச்சலாவது மறுநாள் போய்விடுகிறது. மற்ற புகை அப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் கூடி, வெல்டிங் புகை எதுவானாலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பிரிவில் வைத்தது. சாதாரண இரும்பின் புகையும் அதில் அடக்கம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையில் குரோமியத்தின் மோசமான வடிவமும் சேர்ந்துகொள்கிறது. இதையடுத்து 2019-இல் பிரிட்டன் தன் தொழிற்கூட விதியை இறுக்கியது. உள்ளே வெல்டிங் செய்தால் ஜன்னலைத் திறந்துவைப்பது போதாது, புகை எழும் இடத்திலேயே உறிஞ்ச வேண்டும் என்றது. வீட்டில் அவ்வளவு செய்ய முடியாவிட்டாலும் இதைச் செய்யலாம்: மேசைக்குப் பக்கவாட்டில், முகத்துக்கும் கீழான உயரத்தில், வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று. உச்சியில் மாட்டினால் புகை உங்கள் மூக்கைக் கடந்துதான் மேலே போகும். அப்புறம், குனிந்து பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும். வயது நாற்பதைத் தாண்டியவர்கள் குனிவதற்குக் காரணம் பார்வை. ஹெல்மெட்டுக்குள் மாட்டும் படிக்கும் கண்ணாடியை வாங்கிக்கொண்டால் தலை தானாக நிமிரும்.

கண் விஷயத்தில் மட்டும் நிலைமை முன்பைவிட நல்லது. கறுப்புக் கண்ணாடிப் பலகையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ராடு தொடும்வரை எட்டிப் பார்த்து, முதல் பொறியைக் கண்ணிலேயே வாங்கிய தலைமுறை நம்முடையது. ராத்திரி கண்ணில் மணலைக் கொட்டியது போல உறுத்தும். வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு, தாய்ப்பால் என்று ஊருக்கு ஒரு வைத்தியம். எல்லாம் பலித்தது போலத் தோன்றும், ஏனென்றால் அந்தக் காயம் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே ஆறும். ஆட்டோ டார்க் ஹெல்மெட்டில் பலருக்கு ஒரு பயம்: கறுப்பாவது ஒரு கணம் தாமதமானால்? புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அடுக்கு அதில் எப்போதும் வேலை செய்கிறது, கறுத்தாலும் கறுக்காவிட்டாலும். தாமதமானால் கண் கூசும், அவ்வளவுதான். 100 ஆம்பியருக்குப் பத்து, பதினொன்றாம் எண் கறுப்பு சரியாக இருக்கும். ஆனால் ஹெல்மெட் உங்களுக்கு மட்டும்தான். காம்பவுண்டு வழியாக எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு படுதாவாவது கட்டுங்கள். சுவருக்கு அலுமினிய பெயின்ட் அடித்தால் கதிரைத் திருப்பி அடிக்கும், ஹெல்மெட்டின் பின்பக்கமாகவும் வரும். டைட்டானியம் டையாக்சைடு கலந்த சாதாரண வெள்ளை பெயின்ட் புற ஊதாவைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். பட்டறைச் சுவர் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை.

எனக்கு ஆர்க்கைவிட கிரைண்டர்தான் பயம். நாலு அங்குல வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதை வைத்திருப்பது பிசினும் வலையும். வீலின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் ஒரு மாதமும் வருடமும் அடித்திருக்கும். அது காலாவதித் தேதி. இதைத் திருப்பிப் பார்த்து வாங்கியவர் ஒருவரையும் நான் கடையில் கண்டதில்லை. கார்டு என்ற தகட்டை முதல் நாளே கழற்றி எறிந்துவிட்டு, "இடைஞ்சலா இருக்கு" என்பார்கள். கார்டு இல்லாத கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுகிறவர்களும் உண்டு. அவர்களோடு நான் வாதம் செய்வதில்லை, இடத்தைக் காலி செய்துவிடுவேன்.

நெருப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பொறி 35 அடி வரை போகும் என்று எடுத்துக்கொண்டுதான் தீயணைப்பு விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வட்டத்துக்குள் தென்னங்கீற்று, சாக்கு, பழைய பேப்பர், பெட்ரோல் கேன் எதுவும் ஆகாது. வீட்டில் 35 அடி யாருக்கு இருக்கிறது? அதனால் மூடுவதும் நனைப்பதும்தான் வழி. வேலை முடிந்ததும் ஷட்டரைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகாமல், அரை மணி நேரமாவது அங்கேயே இருந்து பெருக்கித் துடைப்பது நல்ல பழக்கம். பொறி சாக்குக்குள் புகுந்தால் உடனே எரியாது, கனிந்துகொண்டே இருக்கும். பழைய டிரம்மையும் பைக் டேங்கையும் பற்றவைக்கக் கொண்டுவருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து, உள்ளே இருப்பது ஆவி. பிரேக் துடைக்கும் குளோரின் கலந்த ஸ்பிரேயால் இரும்பைச் சுத்தம் செய்துவிட்டு உடனே ஆர்க் போட்டால் உண்டாகும் வாயுவின் பெயர் ஃபாஸ்ஜீன். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்பட்டது அது. கேஸ் வெல்டிங் செட்டை வீட்டில் வைக்கவே வேண்டாம் என்பது என் தீர்ப்பு. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலே பற்றும். சமையல் சிலிண்டரை வெட்டுவதற்கு மாட்டுவது சட்டப்படியும் குற்றம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. உங்கள் கேட்டை நீங்களே பற்றவைத்துக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. வீட்டு இணைப்பிலேயே காசு வாங்கிக்கொண்டு ஊர் வேலை செய்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு இருக்கிறது. அனுமதித்த நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தியதற்கு இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். சத்தத்துக்கு 2000-ஆம் ஆண்டு விதிகள்: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. கிரைண்டர் அருகில் நின்றால் 100 டெசிபல் பக்கம் வரும். விதியைவிடப் பயன்படுவது பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்வதும், அவர்கள் வீட்டுக் கொடிக்கம்பியை இலவசமாகப் பற்றவைத்துக் கொடுப்பதும்.

உள்ளே காசு போட வேண்டிய சாமான் மேசை. நாலுக்கு இரண்டரை அடியில் பத்து மி.மீ. தகடு போட்டால் தகடு மட்டும் எழுபது கிலோ வரும். அந்தக் கனம்தான் மட்டத்தைக் காக்கும். மெல்லிய தகட்டில் செய்த மேசை ஒரு கோடைக்குள் வளைந்து, அதன் மேல் செய்யும் எல்லாவற்றுக்கும் தன் கோணலைக் கற்றுக்கொடுத்துவிடும். ஒரு மூலைமட்டம், ஆறேழு சி கிளாம்ப், ஒரு கனமான வைஸ், அவ்வளவு போதும். ராடில் 12 நம்பர் என்று கேட்டால் 2.5 மி.மீ. கொடுப்பார்கள். ஸ்கொயர் ட்யூபுக்கு அதுதான், 60-லிருந்து 90 ஆம்பியர். பாக்கெட்டில் உள்ள 6013 என்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கம் ஒட்டின் வலிமை: சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அடுத்த ஒன்று, எந்த நிலையிலும் பிடிக்கலாம் என்பது. கடைசி இலக்கம் பூச்சின் வகை. படத்தில் பார்த்து 7018 வாங்குகிறவர்கள் உண்டு. அது ஈரத்துக்கு ஆகாத ராடு. பிரித்து வைத்தால் 350 பாகை சூட்டில் மறுபடி உலர்த்த வேண்டும். வீட்டில் அந்த அடுப்பு இல்லை. கடலோர ஊர்க்காரர்கள் அதை மறந்துவிடலாம்.

காட்டிக்கொள்வது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வெல்டிங்குக்கும் காட்சிக்கும் பழைய உறவு. அமெரிக்காவில் பண்ணைகளுக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்த காலத்தில், 1936-இல், லிங்கன் எலக்ட்ரிக் நிறுவனத்தார் ஜேம்ஸ் எஃப். லிங்கன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். போட்டி வைத்துப் பரிசு கொடுத்தார்கள், வீட்டிலும் பண்ணையிலும் செய்யக்கூடிய பொருள்களை அளவோடு புத்தகமாகப் போட்டார்கள். மெஷின் விற்கத்தான். ஆனால் அங்கே காட்சிக்கு வந்தது செய்த பொருள். மெஷின் பின்னால் நின்றது. கல்லறைக் கல் போல இருக்கிறதென்று அந்த நிறுவனத்தின் பிற்கால மெஷின் ஒன்றுக்கு 'டூம்ஸ்டோன்' என்றே பட்டப்பெயர். அதை யார் அழகு பார்த்தார்கள்!

இப்போது காட்டப்படும் பற்றவைப்புகளில் ஒரு மோகம் இருக்கிறது. காசுகளைச் சாய்த்து அடுக்கியது போன்ற வரிகள். ஆர்கானில் நல்ல கை பிடித்தால் அது தானாக வரும். ராடிலும் சிஓடூவிலும் அதற்காகவே கையை ஆட்டி ஆட்டி வரைகிறார்கள். மேலே கோலம், கீழே இரும்பு உருகவே இல்லை. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், கடல் சோதனை முடிந்து அமைதியான தண்ணீரில் கட்டிக் கிடந்த ஷெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், யாரும் தொடாமலே நடுவில் பிளந்தது. குளிரில் நொறுங்கும் எஃகு ஒரு காரணம், குறையுள்ள பற்றவைப்பு இன்னொரு காரணம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது புதுக் கப்பல். வீட்டில் செய்யக்கூடிய சோதனை எளிது. இரண்டு பட்டையை 'டி' வடிவில் ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, வைஸில் கடித்து, சுத்தியலால் மடக்கி உடையுங்கள். உடைந்த இடத்தில் வேர்வரை உருகியிருக்கிறதா, கசடு மாட்டியிருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியும். என் முதல் பத்துத் துண்டில் ஏழு பிஸ்கட் மாதிரி பிரிந்து வந்தன. அவற்றை ஒரு கம்பியில் கோத்து மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். தெருவில் இருக்கும் அந்த 6ஜி பெரியவர் என் பட்டறைக்கு வந்து நின்று நிதானமாகப் பார்த்த ஒரே சாமான் அதுதான்.

நமக்கென்று வருடத்துக்கு ஒருநாள் காட்சி நாள் இருக்கிறதே, ஆயுத பூஜை. அன்று மெஷினைத் துடைத்து, ஹோல்டருக்கும் கிரைண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தெருக்காரர்களைக் கூப்பிட்டுப் பொரிகடலை கொடுக்கிறோம். முந்தின நாள் ஒட்டடை அடிக்கும்போதுதான் கருகிய வயரும், பல் தேய்ந்த கிளாம்ப்பும், கழற்றி மூலையில் போட்ட கார்டும் கண்ணில் படும். அந்தக் கார்டை மாட்டிவிட்டுப் பொட்டு வையுங்கள். எர்த் குழி காய்ந்திருந்தால் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, அதற்கும் ஒரு பொட்டு. மணல் வாளிக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் ஆளுக்கொன்று. பிறகு என்னையும் கூப்பிடுங்கள், வருகிறேன். பொரி சாப்பிடுவதற்கு முன்னால் கொல்லைப் பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.